கிம்ச்சிக்குள் இறால்

உணவில் மீனோ இறாலோ சேர்ந்திருந்தால், கேட்கிற வாடிக்கையாளருக்குக் கடை சொல்லியாக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். லோசானில், மெட்ரோ வாசலருகே உள்ள கொரியச் சாப்பாட்டுக் கடையில், கந்தசஷ்டியின் முதல் நாள் மதியம், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் அதை நம்பிக் கேட்டார். மருத்துவமனைத் துப்புரவுச் சீருடையில் இருந்தார். பரிமாறியவர் நரைத்த மீசை வைத்த யாழ்ப்பாணத்தவர்.

“அண்ணை, கிம்ச்சிக்குள்ள இறால் கிடக்கோ?”

“அது கோவா, தங்கச்சி” என்று தட்டிலிருந்த முட்டைக்கோஸ் ஊறுகாயைக் கரண்டியால் காட்டினார்.

“கோவா கண்ணுக்குத் தெரியுது. நான் இறாலைக் கேட்டனான்.”

“முதலாளியம்மாவைத்தான் கேக்கோணும். அவ கொரியாவுக்குப் போட்டா.”

“போன் கொண்டுபோகேல்லையோ?”

“அங்க இப்ப இரவெல்லோ.”

“இரவு எட்டு மணி. அதுக்குள்ள நித்திரையோ?”

“கிம்ச்சி போடாமத் தரட்டோ?”

“விரதத்தில எனக்கு இந்த ஒருநேரச் சாப்பாடுதான். வெறுஞ்சோறு எப்பிடி இறங்கும்?”

“அப்ப இறால் இல்லையெண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோவன்.”

“முருகனும் அப்பிடி நினைப்பாரோ? கேட்டு வையுங்கோ, நாளைக்கும் வருவன்.”

வெறுஞ்சோற்றை வாங்கிக்கொண்டு போனார். சொன்னபடியே மறுநாளும் வந்தார். அதன் பிறகும் தினமும் அதே கேள்வி, அதே வெறுஞ்சோறு.

“தங்கச்சி, இறால் இல்லையாம்! இந்தாங்கோ, நிறையப் போடுறன்” என்று ஒருநாள் மீசைக்காரர் கரண்டியும் கையுமாகக் கூவினார்.

“இண்டைக்கு எனக்குத் தண்ணியும் இல்லை, அண்ணை. பதிலைக் கேக்கத்தான் வந்தனான்.”

பதில் வந்த நாள், சஷ்டியின் ஆறாம் நாளான சூரன்போர்.