பத்தொன்பது சரிக்குறிகள்

லைக்கனை மரத்துக்கு வந்த தேமல் என்று நினைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. பார்க்க அப்படித்தான் இருக்கும். நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் தோட்டக்காரர் இருபது வருஷமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "என்ன சார், மரத்துக்கு இன்னும் மருந்து அடிக்கலையா?"

அது நோய் அல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும், பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடும். வேர் கிடையாது. தின்பது, குடிப்பது எல்லாமே காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். காற்றில் நஞ்சு கலந்திருந்தால் அதையும் சேர்த்துக் குடித்துவிடும், துப்பத் தெரியாது. காற்று எப்படி இருக்கிறது என்று அரசாங்கம் லைக்கனைப் போய்க் கேட்பது இதனால்தான். விசாரணைக் குழுவினராகிய நீங்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாறையில் பெயின்ட் தெறித்ததுபோல ஒட்டிக் கிடக்கும் வகை புகையை ஓரளவு தாங்கும். இலைபோல விரிவதும் தாடிபோலத் தொங்குவதும் தாங்காது. எங்கள் வட்டாரத்தின் லைக்கன் பட்டியலை முதன்முதலில் தயாரித்தவர்கள் நானும் என் மனைவியும். ஆரம்பித்த அன்றைக்கே அவள் பாகம் பிரித்துவிட்டாள்.

"ஒட்டிக்கிட்டு கெடக்கறதெல்லாம் உங்களுக்கு. ஆடறது, அசையறதெல்லாம் எனக்கு."

"ஏன், எனக்கு ஆடறது ஆகாதா?"

"உங்க ஜாடைக்கு இதுதான் பொருத்தம்."

நாலு வருஷம் அலைந்தோம். கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் சின்ன லென்ஸ், உளி, ஒரு புட்டியில் சலவைத் திரவம். அதில் ஒரு துளியை லைக்கன்மேல் விட்டதும் சில இனங்கள் ரத்தச் சிவப்பாக மாறும், சில அப்படியே இருக்கும். ஆளை அடையாளம் கண்டுகொள்ள அது ஒரு வழி. கிடைத்ததை எல்லாம் காகித உறையில் மடித்து வைப்போம். உறைமேல் மரம், தரையிலிருந்து உயரம், தேதி, கண்டெடுத்தவர் பெயர். உறை இல்லாமல் எதுவும் பட்டியலில் ஏறாது. இருநூற்றுப் பதினான்கு இனங்கள் சேர்ந்தன. பட்டியல் அச்சாகி வந்த மறு வருஷம் அவளுக்கு நோய் கண்டது. கண்ட நாளிலிருந்து பதினோரு வாரம் இருந்தாள்.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதே மரங்களைப் பார்த்துப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. இடையில் ஊரின் வடக்கே உருக்காலையில் இரண்டாவது புகைபோக்கி எழும்பியிருந்தது. நான் தனியாகப் போனேன். என் இனங்கள் எல்லாம் இருந்தன, ஒன்றிரண்டு முன்பைவிடச் செழிப்பாகவே இருந்தன. அவளுடையவற்றில் பத்தொன்பதைக் காணவில்லை. அவள் தொட்ட மரங்களாகத் தேடித் தேடித் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது.

இல்லாத இனத்துக்கு எதிரே பெருக்கல் குறி போட வேண்டும். முதல் குறியைப் போடப் பேனாவை வைத்தேன். பக்கத்தில் அவள் பெயர். என்னால் முடியவில்லை. ஒன்றை இருக்கிறது என்று சொல்ல ஒருமுறை கண்ணில் பட்டால் போதும், இல்லை என்று சொல்ல ஊரிலுள்ள கிளை ஒவ்வொன்றையும் பார்த்திருக்க வேண்டும். நான் எல்லாக் கிளையையும் பார்த்தேனா? இல்லை. ஆகவே சரிக்குறி போட்டேன். இது எங்கள் தொழிலில் பலர் செய்வதுதான். பழைய பட்டியலைப் பார்த்துப் புதியதில் இறக்கிவிடுவார்கள், யாரும் கேட்பதில்லை.

ஆனால் கேட்டார்கள். உருக்காலைக்கு இவ்வளவு பக்கத்தில் இத்தனை இனங்களா என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சந்தேகம். மூன்று மரங்களைக் குறித்து, அடுத்த வாரம் நேரில் பார்க்க அதிகாரி வருவதாகக் கடிதம் அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று என் தங்கை வீட்டு வாசலில் நின்றது.

காய்ந்த லைக்கன் பழுப்பாகக் கிடக்கும். தண்ணீர் பட்டால் மேல்தோல் கண்ணாடிபோலத் தெளியும், உள்ளேயிருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். பத்து வருஷத்துக்கு மேல் உறையில் இருந்தது முழுப் பச்சைக்கு வராதுதான். ஆனாலும் முன்னே பின்னே பார்த்திராதவர்களுக்கு அது போதும். அவள் மடித்த உறைகளைப் பிரித்தேன். மடிப்பு மடிப்பாக அவள் நகம் அழுத்திய கோடுகள். அந்தக் கோடுகள் கலையாமல் வெற்று உறைகளைத் திரும்ப மடித்து வைத்தேன். உள்ளே இருந்ததைப் பசை தடவி மரப்பட்டையில் ஒட்டினேன்.

தங்கை மகளுக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறை, வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு படி இறங்கியதற்கே மூச்சு இரைத்தது.

"மாமா, மரத்துக்கு பிளாஸ்திரி போடறீங்களா?"

"ஆமாம்டா கண்ணு."

"அதுக்கும் வீசிங்கா?"

"கொஞ்சமா."

"என்னோட மெஷினை வேணா எடுத்துட்டு வரட்டா? மூக்குல வெச்சா சரியாயிடும். ஆனா இதுக்கு மூக்கு எங்க இருக்கு?"

தண்ணீர்ப் புட்டியை அவள்தான் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவள் கடைசிவரை சொல்லவில்லை.

வந்த அதிகாரி நல்ல பெண்மணி. "காலேஜ்ல படத்துல பாத்ததுதான் சார். சிம்னிக்கு இவ்வளவு கிட்டத்துலயும் வளருதே," என்றார். "இந்த வருஷம் மழை நல்லா பெஞ்சுது மேடம்," என்றேன். புகைபோக்கிக்கு வடிகட்டி போடச் சொல்லும் உத்தரவு கையெழுத்துக்குத் தயாராக இருந்ததாம். அதைக் கைவிட்டார்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று நகராட்சிப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் தங்கையும் மாப்பிள்ளையும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணா, டாக்டர் ஊரை மாத்துங்கறார். அங்க பலகையில காத்து நல்லாருக்குன்னு போட்டிருக்கு. நான் யாரை நம்பறது? நீ ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்லுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "உங்க பாசி பேச்சை கவர்மென்டே கேக்குது. நாங்க கேக்க மாட்டோமா?"

அவர்கள் வாசல் மரத்தை நான் அடியிலிருந்து கைக்கு எட்டும் உயரம் வரை லென்ஸ் வைத்துப் பார்த்தவன். நான் ஒட்டியதைத் தவிர அதில் இலை வகையும் இல்லை, தாடி வகையும் இல்லை. அந்தத் தெருவின் காற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் கிடையாது.

தங்கையை மட்டும் ரகசியமாகக் கிளம்பச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். அவள் வாயில் எதுவும் தங்காது. தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். அவள் அவர்களிடம் சொல்வாள், அவர்கள் அலுவலகத்தில் போய் நிற்பார்கள், பட்டியலைத் திருத்துவார்கள். பத்தொன்பது இடத்தில் பெருக்கல் குறி விழும். என் மனைவியை நான் ஒருமுறை அடக்கம் செய்தாகிவிட்டது. இன்னும் பத்தொன்பது முறை செய்ய என்னிடம் தெம்பில்லை.

"இருங்க. ஒண்ணும் ஆகாது," என்றேன்.

தங்கைக்கு முகம் தெளிந்துவிட்டது. "நீ சொன்னா சரிண்ணா," என்றாள். காபி போடுகிறேன் என்று தானே எழுந்து என் சமையலறைக்குள் போனாள்.

ஏழு மாதம் இருந்தார்கள். காற்றே அசையாத ஒரு வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது குழந்தைக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது அவளுக்கு ஒரு பின்னல் போட்டு முடிந்திருந்தது, மற்றது பாதியில் இருந்தது. அந்தத் தெருவில் அந்த வருஷம் இறந்த மற்ற இரண்டு குழந்தைகளை எனக்குத் தெரியாது. உங்கள் கோப்பில்தான் படித்தேன்.

அந்த அறிவிப்பு பொய். அதற்கு ஆதாரமாக இருந்த பட்டியல் பொய். தெரிந்தே எழுதினேன், தெரிந்தே ஒட்டினேன், தெரிந்தே என் தங்கையை இருக்கச் சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, உருக்காலைக்காரர் ஒருவரையும் நான் பார்த்ததுகூட இல்லை.

தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை. போன வாரம் உங்கள் அலுவலக வராந்தாவில் எதிரே வந்தவள் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிராக இருந்த ஒருவரை இழப்பது என்றால் என்ன என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரியும். இனி அவளாவது என்னைப் புரிந்துகொள்வாள்.