எல்லாக் கையும் மேலே

— எல்லாக் கையும் மேல இருக்கறப்ப உன் கை மட்டும் ஏன்டி எறங்குச்சு? மாவட்டத்துலேருந்து என் வகுப்பைப் பார்க்க வந்த அதிகாரிங்க முன்னாடி பெத்த பொண்ணே இப்படிப் பண்ணலாமா, ஸ்லாதா?

— கை வலிச்சுச்சும்மா.

— பொய். பதில் தெரிஞ்சா வலது கை, தெரியலைன்னா இடது கை. யாரை எழுப்பணும்னு எனக்கு மட்டும் புரியும். பார்க்க வந்தவங்களுக்கு மொத்த வகுப்பும் உலக இலக்கியத்தைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கும். எத்தனை தடவை ஒத்திகை பார்த்தோம்!

— அதான் நல்லபடியா முடிஞ்சுதே. கைதட்டினாங்க. அந்த வழுக்கைத்தலைக்காரர் உன் தேன் கேக்கைக் கேட்டுக் கேட்டுத் தின்னாரு. மேல்தர ஆசிரியர் பட்டம் உனக்குத்தான்.

— கிடைக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியும்ல? அடுத்த வருஷம் என் வகுப்பைப் பிடுங்கி உடற்பயிற்சி வாத்தியார் பொண்டாட்டிக்குக் குடுத்துடுவாங்க. நான் சந்தையில போய் முட்டைக்கோஸ்தான் விக்கணும். சரி விடு. இந்தா, மிச்சம் இருக்கற கேக்கு. சாப்பிடு.

— வேண்டாம்.

— தேன் கேக்கை வேண்டாம்ங்கறியா? உடம்பு சரியில்லையா?

— லுக்யானை ஏம்மா நீ எழுப்பவே இல்லை?

— யாரு, கார்கிவ் பக்கத்துலேருந்து சண்டைக்குத் தப்பி வந்த புதுப் பையனா? இங்க பாரு, அவன் முழுநேரமும் இடது கையைத்தான் தூக்கியிருந்தான். தெரியலைங்கறவனை எழுப்பி நிக்கவெச்சு மானத்தை வாங்கச் சொல்றியா?

— அவனுக்கா தெரியாது? எங்க வகுப்புல புத்தகத்தை முழுசாப் படிச்சவன் அவன் ஒருத்தன்தான். நாங்கல்லாம் போன்ல கதைச்சுருக்கம் படிச்ச கூட்டம்.

— பயந்திருப்பான். புது இடம், புது ஆளுங்க.

— பயமா? ஒத்திகையில என்ன சொன்னான்னு மறந்துட்டியா? "குண்டு விழுது, ஊரே ஓடுது, கதையில வர்ற அந்தப் பொம்பளை மட்டும் ஏன் நின்னு தட்டெல்லாம் கழுவி அடுக்கறா?"ன்னு நீ கேட்டே.

— அதுக்குத்தான் தரீனா இன்னிக்கு அழகாச் சொன்னாளே. "மனித மாண்பின் அழியாத குறியீடு"ன்னு.

— அது நீ எழுதிக் குடுத்து அவ மனப்பாடம் பண்ணது. லுக்யான் சொன்னதைச் சொல்லு.

— இப்ப எதுக்கு அது?

— நான் சொல்றேன். "குறியீடெல்லாம் இல்லைங்க. எங்கம்மாவும் கழுவினா. திரும்பி வர்றப்ப வீடு அழுக்காக் கிடக்கக் கூடாதுன்னா. இப்ப அந்த வீடே இல்லை." இதைத்தான் சொன்னான்.

— அதைக் கேட்டுத் தரீனா ஓன்னு அழுதா. ஒத்திகையே நின்னுபோச்சு.

— அன்னிக்கு வீட்டுக்கு வந்து சூப்பைத் தள்ளிவெச்சுட்டு நீ என்ன சொன்னே? "அதிகாரிங்க வர்ற அன்னிக்கு இவன் வாயத் திறந்தான்னா நான் தொலைஞ்சேன்"னே.

— ஏதோ புலம்பினேன்டி. வீட்டுல பேசறதையெல்லாம் பிடிச்சு வெச்சுக்குவியா?

— பிடிச்சுத்தான் வெச்சேன். வந்த முதல் நாள் அவன் எங்கிட்ட, "உலக இலக்கிய வகுப்புல என்ன நடக்கும், எப்படித் தயாராகணும்?"னு கேட்டான். "புத்தகமெல்லாம் படிக்காதே, கையத் தூக்கத் தெரிஞ்சாப் போதும்"னேன். நான் சொன்னதைக் கேக்காம புத்தகத்தைப் படிச்சுட்டான். கை விஷயத்துல மட்டும் என்னை நம்பினான்.

— என்ன உளர்றே?

— நீ புலம்பின மறுநாள், கை கணக்கு மாறிடுச்சுன்னு அவனுக்கு மட்டும் மாத்திச் சொன்னேன்மா. தெரிஞ்சா இடது, தெரியலைன்னா வலதுன்னு.

— ஸ்லாதா...

— தூக்கின இடது கையை எறக்கவே இல்லை அவன். வலி தாங்காம இன்னொரு கையால முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். எப்படியும் நீ கூப்பிடுவேன்னு உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் என் கை எறங்குச்சு. அதுக்கு மேல தூக்க முடியலை.

— எங்கிட்ட அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?

— வெளிய வந்ததும் என்ன சொன்னான் தெரியுமா? "உங்கம்மாவுக்கு நேரம் பத்தலை போல. பரவால்ல, நாளைக்குச் சொல்லிக்கிறேன்." சிரிச்சுக்கிட்டே சொன்னான்மா. எனக்கு வெக்கமா இருக்கு. அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— அழாதே. அழாதேங்கறேன்ல.

— நீ திட்டு. அடி. வாங்கிக்கிறேன். சும்மா மட்டும் உக்காந்திருக்காதேம்மா.

— எந்த வாயால திட்டுவேன்? இன்னிக்கு வகுப்பு மணியடிக்கறதுக்கு முன்னாடி அவன் எங்கிட்ட வந்தான். "ஒலேசியா ஸ்தெபானிவ்னா டீச்சர், தெரிஞ்சா இடது கைன்னு ஸ்லாதா சொன்னா, சரிதானுங்களா?"ன்னு கேட்டான். சரிதான்ப்பா, போய் உக்காருன்னேன்.