எங்க வீடு ஓட்டு வீடு

இல்லக்கா, டீ வேணாம். வைங்க, அப்புறம் பாத்துக்கலாம். நீங்கதான நிங்ரும்? முக்குக் கடைக்காரரு கையக் காட்டி இந்த வீடுதான்னாரு. ஊர்லேர்ந்து கெளம்புறப்ப யாரோ சின்னப் பொண்ணுன்னு நெனச்சிட்டுத்தான் கெளம்புனேன். பாத்தா என்னைவிடப் பெரியவங்களா இருக்கீங்க. அது இன்னும் எரிச்சலா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. எடுத்துக்கிட்டாலும் பரவால்ல.

நான் கர்சி. தர்யானாவோட பொண்டாட்டி. சிப்பனாஸ்லேர்ந்து வர்றேன். ம்… முகம் ஏன் அப்படிப் போவுது? அவரு யாருன்னே தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

அவரு காச்சாபிக் கம்பிய மீட்டி வாசிச்சு ஃபோன்ல பதிவு பண்ணுவாருன்னு எனக்குத் தெரியும். நான் சந்தையில சோத்துக்கடை போட்டிருக்கேன். காலையில போனா சாயங்காலந்தான் வருவேன். நீ போனப்புறம் வீடு அமைதியா இருக்கும், பின்னாடி ரூம்ல ஜன்னலுக்குப் போர்வையக் கட்டி, ஃபோனத் தலகாணி மேல வச்சு வாசிக்கிறேன்னாரு. நம்புனேன். போர்வையும் கட்டித்தான் இருக்கும். ஒக்காந்து கேட்டதில்ல. நாள் பூரா டெம்பே பொரியுற சத்தம் கேட்ட காதுக்கு வேற எதுவும் வேணாம்னு இருக்கும்.

இப்பத்தான் கேட்டேன். ஏன்னு அப்புறம் சொல்றேன். மொதப் பதிவுலயே மழை. தகரத்து மேல கொட்டுற மழை. எங்க வீடு ஓட்டு வீடுக்கா. ஓட்டுல மழை அப்படிக் கத்தாது. சரி, பக்கத்து வீட்டுத் தகரமா இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். அடுத்ததுல ரயில் போவுது. எங்க மலையில ஏது ரயில்? அப்புறம் அந்தக் காச்சாபியே. எங்க வீட்டுதுல தடிக் கம்பியத் தொட்டா ஒரு கரகரப்பு வரும், பெட்டி ஓரத்துல விரிசல். எனக்கு சங்கீதம் ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தக் கரகரப்பக் கேட்டுக்கிட்டேதான் இத்தன வருசமா சமையல் பண்ணியிருக்கேன். பதிவுல அது இல்ல. அதோ அந்த மூலையில பூப்போட்ட துணி போத்தி வச்சிருக்கீங்களே, அதுதான? தொறக்காதீங்க. எனக்குப் பாக்க வேணாம்.

இதெல்லாம்கூட விட்டிருப்பேன். நல்ல வாத்தியம் இருக்குற எடத்துக்குப் போயி வாசிச்சாருன்னு. வாசிப்பு முடிஞ்சதும் ஒரு பொம்பளக் குரல் வருது. இன்னொரு தடவை வாசிங்க, அக்காங். அவ்வளவுதான். ஊரே அவர மாமான்னுதான் கூப்பிடும். புருஷன்ற உரிமையில அக்காங்னு நான் ஒருத்திதான் கூப்பிடுவேன். அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? ரயில் பாதையப் புடிச்சுக்கிட்டே, ஸ்டேஷன் ஸ்டேஷனா எறங்கி, இங்க காச்சாபி இருக்குற வீடு எதுன்னு விசாரிச்சேன். இந்த சிபெபர்ல எறங்குனதும் சொல்லிட்டாங்க. பாடுறவங்களாமே நீங்க. முன்னாடி கல்யாண வீடுங்கள்ல நீங்க பாட அவரு வாசிப்பாராம். முன்னாடின்னா, எனக்கு முன்னாடி. கடைக்காரருக்குத் தெரியுது. எனக்குத் தெரியல.

என்னது? வெறும் வாசிப்பு மட்டும்தானா? இருக்கலாம். வெறும் வாசிப்புக்கு எங்க வீட்டு ஜன்னல்ல எதுக்குப் போர்வையக் கட்டி வச்சிட்டு வரணும்?

சும்மா சும்மா வாசலப் பாக்காதீங்க. அவரு வரமாட்டாரு. ரெண்டு மாசமா ஏன் வரலன்னு நெனச்சீங்க, கோவம்னா? கெணத்தடியில விழுந்துட்டாரு. மூளையில ரத்தம் கட்டிப்போச்சு. பேச்சு இல்ல, ஆளத் தெரியல, கண்ணு யாரு மேலயும் நிக்க மாட்டேங்குது. பழகின சத்தம் எதையாவது கேக்க வைங்கன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் அந்த ஃபோன எடுத்தேன். வாசிப்பு ஓடுறப்ப ஒண்ணுமில்ல. கடைசில உங்க குரல் வந்துச்சு பாருங்க, வலது கை வெரலு படுக்க விரிப்ப மீட்டுச்சு. நானும் அதே வார்த்தைய, அதே மாதிரி இழுத்து, காதுகிட்டப் போயி சொல்லிப் பாத்தேன். கை அப்படியே கெடந்துச்சு.

அழாதீங்க. எம் முன்னாடி வேணாம். அவருக்கு நீங்க யாருன்னு, அவரு எந்திரிச்சு ஒக்காந்தப்புறம் அவருகிட்டயே கேட்டுக்கறேன். முக்காட்டப் போட்டுட்டு எங்கூட சிப்பனாஸுக்கு வாங்க. கடைசி வேன் கெளம்புறதுக்குள்ள போயிடணும்.