குரலுக்கு ஆடறவ

சிரிக்காதீங்க மேடம், நிஜமாத்தான் சொல்றேன். பெல்லி டான்ஸ். இடுப்பைத் தனியா கழட்டி மாட்டின மாதிரி ஆடுவாங்களே, அதேதான். ஆடறது என் பொண்டாட்டி. பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல உக்கார்றவ, நாப்பது வயசு தாண்டியாச்சு.

ஆமா, அதுக்குத்தானே கோர்ட்டுல கவுன்சிலிங்குன்னு உங்ககிட்ட அனுப்பியிருக்காங்க. அவ பிரிஞ்சுடணுங்கறா, நான் வேணாங்கறேன். அந்தக் கூத்தை விட்டுட்டு வரட்டும், கதவு திறந்துதான் இருக்கு. பக்கத்து ரூம்ல அவ உக்காந்திருக்கால்ல, கூட காவலுக்கு வந்திருக்கிறது என் மச்சினி. உடம்பு இளைக்கும்னு அந்தக் கிளாஸுக்கு இழுத்துட்டுப் போன புண்ணியவதி அவதான். இப்ப இவ இருக்கிறதும் அவ வீட்டுலதான்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். பக்கத்து சீட்டுல உக்காந்து கத்துக்குடுக்கிற தொழில், என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும். வளைவுக்கு முன்னாடி கியரைக் குறை, கண்ணாடியப் பாரு, அப்புறம் திருப்பு. தோணினபடி ஓட்டினா எவனாவது செத்துப்போவான். அந்த டான்ஸ் டீச்சரம்மா என்ன சொல்றாங்களாம்னா, ஸ்டெப்பை மனப்பாடம் பண்ணாதீங்க, அந்த நிமிஷம் என்ன தோணுதோ அதை ஆடுங்க. தோணறதை ஆடறதுக்கு எதுக்கு ஒரு வாத்தியாரு?

இதுல தோணறதுக்கும் ஹோம்வொர்க் இருக்கு மேடம், அதான் வேடிக்கை. ஒரு கிண்ணம் நிறைய சீட்டு. கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுக்கணும். தேன்னு வந்தா தேன் மாதிரி ஆடணும், துருன்னு வந்தா துரு மாதிரி. துரு எந்த ஊர்ல மேடம் ஆடிச்சு? இன்னொரு நாள் கரண்ட் பில்லுக்குப் பின்னாடி கோழி கிண்டின மாதிரி ஒரு கிறுக்கல். அதைச் சுவத்துல ஒட்டிட்டு, அந்தக் கோடு போற வழியில இடுப்பைச் சுத்திட்டிருக்கா. பில்லு கட்டியாச்சான்னு கேட்டேன். கோடு அறுந்துடும், ரெண்டு நிமிஷம் இருங்கங்கறா. இன்னொரு நாள் ஒரு முழுப் பாட்டுக்கும் மணிக்கட்டு மட்டும்தான் அசையலாமாம். வேற எதுவும் அசையக்கூடாது. ஈ வந்து மூக்குல உக்காந்தாலும்.

கோவமா? எனக்கென்ன கோவம்? சிரிப்புதான் வந்தது. அப்புறம் பாட்டே வேணாம்னுட்டாங்க. வீட்டுல கேக்கற சத்தத்துக்கு ஆடுங்கன்னு. நான் உள்ள வரேன், இவ வாஷிங் மெஷின் முன்னாடி நின்னு, அது துணியப் பிழியறதுக்கு ஏத்தாப்புல குலுங்கிட்டிருக்கா. அது நின்னதும் இவளும் நின்னா. பாத்தவன் என்ன நினைப்பான், சொல்லுங்க.

அதுக்கடுத்த வாரம்தான் மனுஷக் குரல். யார் பேசினாலும் சரி, வார்த்தையக் கேக்காதீங்க, குரல் ஏறறதையும் இறங்கறதையும் மட்டும் கேளுங்கன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. வீட்டுல வேற யாரு குரல் இருக்கு? நான்தான்.

எனக்கு முதல்ல விளங்கல மேடம். அவ பாத்திரம் கழுவிட்டிருக்கா, நான் பின்னாடி நின்னு சத்தம் போட்டுட்டிருக்கேன். எதுக்குன்னு ஞாபகமில்ல, ஏதாவது இருக்கும். பாத்தா இடுப்பு ஆடுது. கால் மரத்துப்போச்சு போலன்னு விட்டேன். நான் குரலை உசத்தினா அது வேகமாகுது, நிறுத்தினா நிக்குது. சோதிச்சே பாத்துடலாம்னு வேணும்னே ஒரு வார்த்தைய இழுத்தேன். அவளும் இழுக்கறா! என் வீட்டுல நான் திட்டறது அவளுக்குப் பக்கவாத்தியம். இதைவிட அவமானம் வேணுமா ஒருத்தனுக்கு? என்னடி இதுன்னேன். ஹோம்வொர்க்குன்னா. திரும்பிக்கூடப் பாக்கல.

இல்ல, அன்னிக்குப் போகல. வீட்டை விட்டுப் போனது அப்புறம், சாவி காணாமப்போன அன்னிக்கு. ஸ்கூல் வண்டிச் சாவி. வாசல்ல ஒரு ஸ்டூடண்ட் காத்துட்டிருக்கான், சாவி இல்ல. எவனுக்கும் கோவம் வரும். சாவி? அது என் சட்டைப் பையிலதான் இருந்தது. அது விஷயம் இல்ல.

போன மாசம் அவங்க கிளாஸ்காரங்க ரெண்டு நாள் நிகழ்ச்சி வச்சாங்க. ஜிம்முக்கு மேல ஒரு ஹால், மடக்கு நாற்காலி, டீ. நானும் போனேன். சிரிக்கத்தான் போனேன், மறைக்கல. கடைசி வரிசையில உக்காந்தேன். எல்லாரும் இடுப்புல சில்லறை கட்டின துணியோட வந்து ஜல்லு ஜல்லுன்னு ஆட்டிட்டுப் போனாங்க. கடைசியா இவ. சில்லறைத் துணியும் இல்ல, பாட்டும் இல்ல. ஹாலே கம்முனு இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா நின்னா. அப்புறம் இடுப்பு ஒரு வெட்டு, ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. பக்கத்துல ஒரு அம்மா சொல்றாங்க, இந்தப் பொண்ணு மனசுக்குள்ள ஏதோ பாட்டு ஓடுதுபோலன்னு.

பாட்டு இல்ல மேடம். அது நான். எங்க, எங்க, எங்கடி சாவின்னு நான் கத்தினது. அப்படியே இருந்தது. நான் அலமாரியத் திறந்து அறைஞ்சது, மூச்சு வாங்கினது, மறுபடி ஆரம்பிச்சது. அத்தனை பேர்ல எனக்கு மட்டும்தான் தெரியும். கை தட்டறாங்க. எழுந்து நின்னு தட்டறாங்க.

மறுநாளும் போனேன். ஏன்னு கேக்காதீங்க. அந்த டீச்சரம்மாவோட பெருமையே இதானே, ஒரு நாள் ஆடினது மறுநாள் வராது. சரின்னு பாத்தேன். வரலதான். அன்னிக்கு மெதுவா ஆரம்பிச்சா. அலமாரிய விட்டுட்டா, வேற எங்கெங்கயோ போனா. கைய வச்சு ஒண்ணு பண்ணா, நல்லா இருந்ததுன்னு வச்சுக்கங்களேன். ஆனா ஒரே ஒரு இடம் மாறல. நடுவுல சட்டுனு நிக்கறா. வலது தோள் காது வரைக்கும் ஏறுது, தலை அந்தப் பக்கம் சாயுது, கண்ணை இறுக்கி மூடிக்கறா. முந்தின நாள் எப்படியோ அப்படியே. இதுக்குப் பேரு தோணறதை ஆடறதா? ஏமாத்து வேலை இல்லையா இது?

அடிச்சேனான்னா? அடிக்கல மேடம். அவளையே கேளுங்க. கை ஓங்கினேன். ஓங்கறதெல்லாம் ஒரு கணக்கா? எத்தனை தடவைன்னு யாரு எண்ணிட்டிருப்பாங்க? என்கிட்ட வண்டி ஓட்ட வர்றதுங்களும் அப்படித்தான், நான் கண்ணாடியத் திருப்பக் கைய நீட்டினாலே தோளைக் குறுக்கிக்கும். இத்தனை வருஷம் நான் அதைக் கவனிச்சதில்ல. இப்ப தினம் கண்ணுல படுது, அது வேற தொல்லை.

சரி மேடம், நான் விட்டுக்குடுக்கறேன். ஆடட்டும். சீட்டு எடுக்கட்டும், துரு ஆடட்டும், என் குரலுக்கே வேணும்னாலும் ஆடிக்கட்டும். அந்த ஒரு இடத்த மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.

இல்ல, அவளை இங்க கூப்பிடாதீங்க. நீங்க அந்த ரூமுக்குப் போய்ச் சொல்லுங்க. நான் கேட்டா, நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவளுக்குத் தோள் ஏறிடும்.