வடக்குச் சரிவு என்று சொன்னேன்

பூவை உலர்த்துவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. பழைய செய்தித்தாளும் கனமான இரண்டு பலகைகளும் போதும். காய்ந்ததும் தாளில் ஒட்டி, கீழே ஒரு சீட்டில் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் யார் என்று எழுதவேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் இந்தச் சிறிய கல்லூரியில் உலர்ந்த செடிகளைக் காப்பது என் வேலை.

எங்கள் அலமாரியில் ட்ரில்லியம் என்ற காட்டுப்பூவின் அரிய சிவப்பு வகை ஒன்று இருக்கிறது. மூன்று இலை, மூன்று இதழ், காய்ந்த ரத்தத்தின் நிறம். லாரல் மேடு என்னும் காட்டு மலையின் வடக்குச் சரிவில் இளம் வயதில் நான் எடுத்தது. அதன்பின் அந்த வகை யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்று கட்டுரை எழுதினேன். வெண்டல் ஸ்ட்ரோதர் என்ற என் பெயரை நாலு பேர் அறிந்தது அந்த ஒரு தாளால்தான். தொலைவிலிருந்து வந்தவர்கள் அதன்முன் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, என் உதவியாளர் கோரின் ஹாட்சர் சேறு அப்பிய பூட்ஸோடு வந்து, ஒரு செய்தித்தாள் மடிப்பை என் மேசைமேல் பிரித்தாள்.

“வெண்டல், நீங்க அடக்கம் பண்ணின ஆளு எந்திரிச்சு வந்துட்டாரு, பாருங்க.”

உள்ளே அதே சிவப்புப் பூ. எங்கே என்று கேட்டேன்.

“மேட்டுக்குத் தெக்கால, ஸ்டோன் ஃபோர்க் ஓடைக்குக் கீழ. ஒரு குடும்பமே இருக்கு. நாளைக்குப் போய் படம் எடுத்துட்டு வரேன். மே மாசத் தாவரவியல் கூட்டத்துல நீங்களே சொல்லுங்க. அழிஞ்சதுன்னு சொன்ன வாயாலேயே சொன்னாத்தான் அழகு.”

அந்தக் கேலியில் விஷம் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அப்போதே எனக்கு அது தெரியும்.

சனிக்கிழமை போனவள் திரும்பவில்லை. ஞாயிறு காலை அவள் கணவன் ராய், ஷெரீஃபின் போலீஸ்காரர் ஒருவரோடு என்னிடம் வந்தான். வெளியே ஊரே தேடக் கிளம்பி நின்றது. அவன் கையில் அவளுடைய கம்பளிச் சட்டை.

“இதக்கூட விட்டுட்டுப் போயிட்டா. லாரல் மேட்டுக்குன்னு மட்டும்தான் சொன்னா. எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?”

சுவரில் வரைபடம் தொங்கியது. வடக்குச் சரிவில் விரலை வைத்தேன்.

காரணம் இருந்தது. அத்தனை பூட்ஸ்கள் ஓடைப்பக்கம் இறங்கினால் செடி ஒன்றுகூட மிஞ்சாது. விதையிலிருந்து பூக்க அதற்கு ஏழெட்டு ஆண்டு வேண்டும். கோரின் காடு தெரிந்தவள், தானே வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாள் வடக்கே தேடினார்கள். நானும் போனேன். மற்றவர்களைவிட உரக்க அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மதியம் ராய் தன் ரொட்டியில் பாதியை நீட்டினான்.

“சாப்பிடுங்க வெண்டல். நீங்களும் விழுந்துடாதீங்க.”

வாங்கித் தின்றேன்.

காட்டுப் பூண்டு பிடுங்கப் போன ஒருவர்தான் தெற்கே ஓடைப் பள்ளத்தில் அவளைக் கண்டார். கால் முறிந்திருந்தது, வேறு காயம் இல்லை. குளிரில் இறந்திருக்கிறாள், இரண்டு இரவாவது தாங்கியிருப்பாள் என்றார் மருத்துவர். அப்படியென்றால் ராய் என் முன்னால் நின்றபோது அவள் உயிரோடு இருந்தாள். தெற்கே எதற்குப் போனாள் என்று எல்லோரும் கேட்டார்கள். மனம் மாறியிருக்கும் என்றேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் மட்டும் அங்கே இறங்கினேன். அவள் சொன்னபடி ஒரு குடும்பமே இருந்தது. ஒரு செடிகூட மிதிபடவில்லை. கைக்கொத்தால் ஒவ்வொன்றாகக் கிழங்கோடு தோண்டினேன். முளைகளையும் விடவில்லை. வீட்டு அடுப்பில் போட்டேன்.

அவள் கொண்டுவந்த பூவை மட்டும் எரிக்கக் கை வரவில்லை. சோதனையின்போது என் மேசையின் அடித்தட்டில் நீங்கள் எடுத்த தாள் அதுதான். அதில் வடக்குச் சரிவு என்று எழுதியிருப்பது பொய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்தவர் என்ற இடத்தில் கோரின் ஹாட்சர் என்றுதான் எழுதியிருக்கிறேன். அவளுக்குச் சேரவேண்டியதில் நான் கை வைக்கவில்லை. அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.