ஒன்றா, இரண்டா

"ஒண்ணு லாரிக்கு, இன்னொண்ணு உங்க பயத்துக்கு. ரெண்டாவே போட்டுடலாங்க."

கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் கணவரிடம் சொன்னார். ஸ்டீரிங் உதறாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்டெபிலைசரைப் பற்றித்தான் பேச்சு.

"பள்ளத்துல ஸ்டீரிங் உதறி கை ஒடஞ்சதுலேர்ந்து நீங்க வண்டியத் தொடவே இல்ல."

"ரெண்டு போட்டா ஸ்டீரிங் கனமாயிடும்னு மெக்கானிக் சொன்னாருல்ல? நம்ம டயர் சைசுக்கு ஒண்ணே போதும். தேஞ்சுபோன ஸ்டீரிங் ஜாயின்ட்டதான் மொதல்ல மாத்தணும்."

"கனமா இருந்தா யாரயாவது டிரைவரா வச்சிக்கலாங்க."



"யாரும் வேணாம். ஒண்ணு போட்டுட்டு நானே ஓட்டிப் பாக்கறேன்."

அந்தப் பெண் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"நெஜமாவா? அப்ப நானும் பக்கத்துல ஒக்காந்து வரேங்க."