முதல் ஆள் தேவை

சேத்துப்பட்டு பஸ் ஆரணியை விட்டுக் கிளம்பியதும் முன்சீட்டில் பேச்சு தொடங்கியது. மடியில் லேப்டாப்போடு ஒருவர். புடவை பார்டர் டிசைன் போடவென்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாக்கியவராம். பக்கத்தில் பட்டுத்தறி முதலாளி.

“ரெண்டாவது ஆளுங்க நாப்பது பேர் காத்துகினு கீறாங்கண்ணா. மொதல் ஆளுதான் கிடைக்கல,” என்றார் லேப்டாப்காரர்.

“புரியலையே.”

“எல்லாரும் சூப்பர்ன்றாங்க. ‘மொதல்ல வேற யாராவது போட்டுப் பாக்கட்டும், அப்புறம் நான் வரேன்’றாங்க. நீங்க வாங்கண்ணா, ஒரு நாள் வேலை பத்து நிமிஷத்துல முடியும்.”

“தறி நின்னா பேஜாருப்பா. என்னை நாப்பத்தொண்ணா வெச்சிக்கோ. ஆமா, நீ எந்த மொழில டிசைன் போடற?”

லேப்டாப்பை மூடினார்.

“பழசுலதாண்ணா. கஸ்டமர் வேலையாச்சே, ரிஸ்க் எடுக்க முடியுமா?”